குஞ்சியப்பாவின் ஒறுத்தல்

குருநகரில் எங்கள் ஒழுங்கை வீடுகளிலேயே உறைப்புக்குப் பேர்போனவர் குஞ்சியப்பா, என் அப்பாவின் தம்பி. மற்றவர்கள் கண் கலங்கித் தண்ணீர் தேடும் நண்டுக்கறியை அவர் பச்சை மிளகாயும் கடித்துக்கொண்டு, உறைப்புப் போதாதென்று குறை சொல்லிச் சாப்பிடுவார். பிறகு வெற்றிலையோடு ஒரு துண்டுப் புகையிலை கன்னத்துக்குள் போய்விடும். உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய நாற்பது நாள் தவக்காலத்திலும் இதில் மாற்றமில்லை. "கடலுக்குப் போறவனுக்கு ஆண்டவர் கொஞ்சம் விட்டுத்தருவார்" என்பார்.

அப்படிப்பட்டவர், யுத்தத்தில் நாங்கள் மின்சாரத்தையே மறந்திருந்த அந்த வருடங்களில், தவக்காலம் தொடங்கும் ஒரு விபூதிப் புதனன்று, குழம்பைத் தள்ளி வைத்துவிட்டுப் பாற்கஞ்சி கேட்டார். அடுத்த நாளும் அதுதான். அவர் மனைவி குஞ்சியம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. தவக்காலத்தில் அவரவர் மிக விரும்பும் ஒன்றை விட்டுவிடுவது எங்கள் வழக்கம். அதற்குப் பெயர் ஒறுத்தல். ஒருவருடைய ஒறுத்தலைப் பற்றி மற்றவர் கேட்கக்கூடாது, கேட்டால் பலன் போய்விடும். அதனால் ஒருவரும் கேட்கவில்லை. குஞ்சியம்மா மட்டும் தினமும் கோயிலில் முழந்தாளிட்டு, தன் மனிசன் திருந்தியதற்கு நன்றி சொன்னார்.

ஞாயிறு பிரசங்கத்தில் சுவாமியார் பெயர் சொல்லாமல் ஒரு கடற்தொழிலாளியைப் புகழ்ந்தார். கோயில் முழுவதும் திரும்பிப் பார்த்தது. குஞ்சியப்பா தலையைக் குனிந்துகொண்டார். பாதிப் புனிதராகிவிட்ட மனிதர் வாய் எரிகிறதென்று இனி யாரிடம் போய்ச் சொல்வது?

அந்தத் தவக்காலத்து மத்தியானங்களை இப்போது நினைத்தாலும் பாதித் தூக்கம் போலத்தான் இருக்கிறது. கடலேரியில் வெயில் அசையாமல் கிடக்கும். காய்கிற வலைகளின் நிழலில் நானும் குஞ்சியப்பாவும் கஞ்சி குடிப்போம். அவர் மெதுவாக, ஒரு கன்னத்தால் மட்டும் குடிப்பார். எனக்கு அந்த வெள்ளைச் சாப்பாடு பிடித்திருந்தது, அவர் பக்கத்தில் இருப்பது அதைவிடப் பிடித்திருந்தது. ஒருநாள் அவர் வாய்விட்டுச் சிரித்தபோது கன்னத்தின் உட்புறம் வெள்ளைத் திட்டும் நடுவில் ஒரு சிவந்த புண்ணும் கண்டேன்.

"சுண்ணாம்பு சுட்டுப்போட்டுது, பிள்ளை. ரெண்டு நாளிலை மாறியிடும்" என்றார்.

வெற்றிலை போடுகிறவர்கள் எல்லோரும் சொல்வதுதான். நானும் நம்பினேன், அவரும் நம்பினார் என்றே நினைக்கிறேன்.

உயிர்த்த ஞாயிறு வந்தது. சட்டி நிறைய நண்டுக்கறி. எல்லோரும் அவருடைய முதல் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் ஒரு கவளம் வைத்தார். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு, "நான் இன்னும் ஒறுத்தல் முடிக்கேல்லை" என்றார்.

குஞ்சியம்மாவின் முகம் மாறியது. "உயிர்த்த ஞாயிறிலை ஆர் ஒறுத்தல் செய்யிறது? இஞ்சை திரும்புங்கோ. வாயைத் திறவுங்கோ."

பட்டப்பகலில் விளக்கைக் கொளுத்தி அவர் வாய்க்குள் பார்த்தார். பிறகு விளக்கை வைத்துவிட்டு, அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்டதை, திரும்பி வந்து என் அம்மாவின் மடியில் விழுந்து குஞ்சியம்மா சொன்னார். "மூண்டு கிழமையிலை ஆறாத புண்ணெண்டா உடனை காட்ட வேணுமாம். நோகாத வெள்ளையெண்டாலும் காட்ட வேணுமாம். ஏன் இவ்வளவு நாள் விட்டனீங்களெண்டு கேட்டார், அக்கா. 'தவக்காலம், டொக்டர்' எண்டன்."

கடலேரியை வள்ளத்தில் கடந்து, கொழும்புக்குப் போய், குஞ்சியப்பா வைத்தியம் செய்துகொண்டார். பிந்திவிட்டது என்றார்கள். அடுத்த தவக்காலத்தில் அவர் இல்லை.

குஞ்சியம்மா அதன் பிறகு நெடுங்காலம் கோயிலுக்குப் போகவில்லை. புருஷனை எடுத்துக்கொண்ட ஆண்டவரோடு கோபம் என்றுதான் நான் நினைத்தேன். தான் முழந்தாளிட்டு நன்றி சொன்னது அந்தப் புண்ணுக்குத்தான் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது என்று, எனக்கு அப்போது விளங்கவில்லை.