சூரியகாந்தி ஒட்டிய முகம்

பள்ளியின் முகநூல் பக்கம் என் பொறுப்புக்கு வந்ததற்குத் திறமை காரணமில்லை. எதையும் இரண்டு முறை சரிபார்ப்பவள் என்று தலைமையாசிரியருக்கு என்னைப் பற்றித் தெரியும், அவ்வளவுதான். ரப்பர் தோட்டத்துக்குள் இருந்த எங்கள் தமிழ்ப்பள்ளி, தோட்டம் விற்கப்பட்ட பிறகு குனோங் ராபாட் பக்கம், வரிசை வீடுகளுக்கு நடுவே இடம் மாறியது. கட்டடம் புதிது. பிள்ளைகள்தான் போதவில்லை.

"படம் போட்டாத்தான் பிள்ள வரும் டீச்சர். இப்பல்லாம் யாரு பள்ளிய நேர்ல வந்து பாக்குறா? போன்ல பாத்துட்டு முடிவு பண்ணிடுறாங்க" என்பார் தலைமையாசிரியர். அவர் சொன்னதில் தவறில்லை. பொங்கல் படங்களைப் பார்த்துவிட்டு, முதலாம் ஆண்டில் இடமிருக்கிறதா என்று கேட்டு வந்த பெற்றோரை நானே பார்த்திருக்கிறேன்.

ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்த பிறகே போடுவேன். சட்டையில் குத்திய பெயர்ப்பட்டை, கரும்பலகையில் எழுதியது, பரிசுக் கோப்பை அலமாரியின் கண்ணாடியில் தெரியும் உருவம் எல்லாவற்றையும் பார்ப்பேன்.

ஆண்டின் நடுவில் நான்காம் ஆண்டு வகுப்புக்கு ஒரு சிறுமி வந்து சேர்ந்தாள். புந்தோங்கில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தாயும் மகளுமாக இருந்தார்கள். தாய்க்கு ஹோட்டல் ஒன்றின் சலவைப் பிரிவில் வேலை. மகளைச் சேர்த்த அன்றே ஆசிரியர் அறைக்கு வெளியே என்னைத் தனியாக அழைத்தார்.

"டீச்சர், இவ படத்த மட்டும் எங்கயும் போட்றாதீங்க. தெலுக் இந்தான்ல இருக்கிற இவ அப்பா எங்களத் தேடிக்கிட்டு இருக்காரு. ஒரு தடவ பள்ளிக்கூட வாசல்லயே புள்ளயத் தூக்கிட்டுப் போயிட்டாரு. கோர்ட்டு பேப்பர் இருக்கு. ஆனா பேப்பரு வந்து வாசல்ல நிக்காது லா."

போடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அவளை விட்டுவிட்டுப் படம் எடுக்க முடியவில்லை. நடனம், தோட்ட வேலை, வாசிப்பு என எல்லாவற்றிலும் முன்வரிசையில் இருந்தாள். அவள் இருக்கும் படங்களை ஒதுக்கினால் வகுப்பே ஒதுங்கிவிடும். எனவே அவள் முகத்தின் மேல் ஒரு சூரியகாந்திப் பூவை ஒட்டினேன். ஒவ்வொரு படத்திலும் அதே பூ.

வகுப்பில் அவளுக்குப் 'பூ மூஞ்சி' என்று பெயர் வந்துவிட்டது. முதலில் அவளும் சேர்ந்து சிரித்தாள். பிறகு ஒருநாள் என் மேசைக்கு வந்து, "பூ வேணாம் டீச்சர். பூனையாச்சும் ஒட்டுங்க, கொஞ்சம் கெத்தா இருக்கும்" என்றாள். அம்மா சொன்னது நினைவிருக்கிறதா என்று கேட்டேன். "தெரியும் டீச்சர். அதான் மூஞ்சிய கேக்கல, பூனைய கேக்குறேன்."

அந்த வாரம் நடனப் படம் ஒன்றின் கீழே யாரோ ஓர் அத்தை எழுதியிருந்தார்: "அந்தப் பூ வெச்ச பிள்ள யாரு லா? நல்லா ஆடுது." அதற்குக் கீழே, முகப்புப் படமே இல்லாத ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கேள்வி: "எந்த ஊர் பிள்ளை?"

அந்தக் கேள்வியை மறைத்தேன். கேட்டது யாரென்று தெரியவில்லை. வேலையற்ற யாராவதாக இருக்கலாம், தெலுக் இந்தானிலிருந்தும் இருக்கலாம். நீங்கள் யார் என்று நான் திருப்பிக் கேட்டால் அதுவே ஒரு பதிலாகிவிடும். படத்தை அப்போதுதான் மற்றவர்கள் கண்ணால் பார்த்தேன். அத்தனை முகங்களில் முதலில் கண்ணில் பட்டது பூதான்.

அடுத்த படத்தில் பாதிப் பிள்ளைகளுக்குப் பூ ஒட்டினேன். மாலைக்குள் பெற்றோரின் வாட்ஸ்அப் குழு நிரம்பிவிட்டது.

"டீச்சர், என் மவ மூஞ்சி எங்க? தலை பின்ன அரை மணி நேரம் ஆச்சு."

"இது பள்ளிக்கூடமா, பூக்கடையா?"

தலைமையாசிரியரிடம் போய், பக்கத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றேன்.

"யாருக்குக் குடுக்க? சின்ன டீச்சர்ங்க எடுத்த வேகத்துல போட்டுருவாங்க. நீங்கதான் பாத்துப் போடுவீங்க."

நான் விலகினால், அன்றைக்கே அந்தச் சிறுமியின் முகம் வெளியே வந்துவிடும். அவளுக்காகவே அந்தப் பக்கத்தில் நான் இருந்தாக வேண்டும். ஆனால் நான் போடும் ஒவ்வொரு படமும் அவளைத் தேடுகிறவருக்கு உதவக்கூடும்.

பிறகு கதை சொல்லும் போட்டி அறிவிப்பு வந்தது. முன்பெல்லாம் மண்டபத்தில் மேடையேறிச் சொல்வார்கள். இப்போது காணொளியாக எடுத்து எல்லோரும் பார்க்கும்படி பதிவேற்ற வேண்டும். முகம் தெளிவாகத் தெரிய வேண்டும், ஒரே மூச்சில் எடுக்க வேண்டும், வெட்டி ஒட்டக் கூடாது. வகுப்பில் அவளைப் போலக் கதை சொல்ல ஆளில்லை. ஆற்றைக் கடக்கப் பயந்த ஆமையின் கதையை அவள் ஆமைக் குரலிலேயே சொல்வாள்.

தாயை வரச் சொன்னேன். வேலைக்குப் போகும் வழியில் தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி வந்து நின்றார்.

"ஜெயிச்சா இன்னும் நெறைய பேரு பாப்பாங்க, இல்ல டீச்சர்?"

"ஆமாம்மா."

"அப்ப வேணாம்."

பக்கத்தில் நின்ற மகள் தாயின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "நான் தோத்துடுறேன்மா. வேணும்னே தோத்துடுறேன். சொல்ல மட்டும் விடும்மா."

தாய் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவளுடைய தோழி போட்டிக்குத் தயாரானாள். அந்த ஆமைக் குரலைத் தோழிக்குச் சொல்லிக்கொடுத்தவள் இவளேதான். நூலக அறையில் கைப்பேசியைத் தாங்கியில் நிறுத்திப் பதிவைத் தொடங்கினேன். ஆமை ஆற்றங்கரைக்கு வந்த இடத்தில் தோழிக்குக் கதை மறந்துவிட்டது. என் முதுகுக்குப் பின்னாலிருந்து, "தண்ணி என்ன கேக்குது தெரியுமா?" என்று ஆமைக் குரல் வந்தது. தோழி சிரித்துவிட்டாள், கதை ஓடியது. அதன் பிறகு அவள் சொன்ன விதம் அருமை.

பதிவைப் போட்டுக் கேட்டேன். பின்னாலிருந்து வந்த அந்தக் குரல் தெளிவாக இருந்தது. பெற்ற அப்பாவுக்கு அது போதும். பதிவை அழித்தேன்.

"கண்ணு, நீ கொஞ்ச நேரம் வெளிய இரு" என்றேன்.

அவளே கதவைச் சாத்திவிட்டுப் போனாள். மறுபடி பதிவைத் தொடங்கினேன். தோழி அதே ஆற்றங்கரையில் மறுபடி திணறிச் சன்னல் பக்கம் பார்த்தாள். நானும் திரும்பினேன். கண்ணாடிக்கு வெளியே அவள் இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள்.

தோழி ஒருவழியாகத் தானே சொல்லி முடித்தாள். வெட்டக் கூடாது என்பது விதி. தோழி திணறி நின்ற அந்த மௌனத்தோடு அப்படியே பதிவேற்றினேன்.