“பொண்ணுங்க யாரும் கேக்கலையே”

முத்துலட்சுமி அக்கா இறந்துவிட்ட செய்தி நம் பஸ் வாட்ஸ்அப் குழுவில்தான் எனக்கும் தெரிந்தது. மஞ்சள் காமாலை முற்றி, தென்காசிப் பக்கம் அவருடைய சொந்த ஊரில் உயிர் போயிருக்கிறது. செய்திக்குக் கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். “எங்கள் அன்புச் சகோதரி” என்று அட்மின் சுரேஷ் அண்ணன் எழுதியிருந்தார். போன மாதம் அக்காவை “லேடி ரவுடி” என்று எழுதிக் குழுவிலிருந்து சில நாள் நீக்கி வைத்தவரும் அவர்தான்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். சேரப்பணஞ்சேரியிலிருந்து ஒரகடம் போகும் நம் கம்பெனி பஸ்ஸில் பாதிப் பேர் பெண்கள். குழுவிலும் அப்படித்தான். ஆனால் பேசுவது ஆண்கள் மட்டும். ஒரு பெண் ஏதாவது கேட்டால் பதில் குழுவில் வராது, தனியாக வரும். “ஹாய்”, “டிபி சூப்பர்”. வந்த புதிதில் ஷிப்ட் மாறுமா என்று ஒரே ஒரு முறை கேட்டேன். சாயங்காலத்துக்குள் நான்கு பேர் சாப்பிட்டாயா என்று விசாரித்தார்கள். ஷிப்டைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை.

ஹாஸ்டலில் இதைச் சொன்னபோது அக்கா பல் தேய்த்துக்கொண்டிருந்தார். வாயைக் கொப்பளித்துவிட்டு, “ஏட்டி, இனிமே என்கிட்ட சொல்லு. நான் கேக்குதேன். உன் பேரு வராது” என்றார். அன்றிலிருந்து எங்கள் எல்லோருடைய கேள்வியும் அவர் எண்ணிலிருந்தே போனது. கேண்டீன் சோற்றில் புழு, கழிவறைக்குத் தாழ்ப்பாள் இல்லை, மாதவிலக்கு நாளிலும் லைனை விட்டு நகர விடாத சூப்பர்வைசர். “ஒரே பொம்பளைக்கு இவ்ளோ பிரச்சனையா? டாக்டர பாரும்மா” என்று ஒருவர் சிரிப்புப் படம் போட்டார். “பாத்தேன் அண்ணாச்சி, உங்களைத்தான் கூட்டிட்டு வரச் சொன்னாரு” என்று அக்கா எழுதினார்.

அவருக்கும் தனிச் செய்திகள் வந்தன. அவற்றை அப்படியே படம் பிடித்துக் குழுவில் போடுவார். “யாரு தம்பியோ வழி தவறி வந்துட்டாரு, கூட்டிட்டுப் போங்க.” ரவுடி என்ற பெயர் அதற்குப் பிறகு வந்ததுதான்.

கடைசியாக அவர் கேட்டது பஸ் நிறுத்தத்தைப் பற்றி. புது டிரைவர் ஹாஸ்டல் தெருவுக்கு வருவதில்லை. மெயின் ரோட்டில் ஒயின்ஷாப் எதிரே இறக்கிவிடுகிறார். அங்கிருந்து நடக்கும்போது காதில் விழும் பேச்சை என்னால் எழுத முடியாது. அக்கா கேட்டதற்குச் சுரேஷ் அண்ணன் போட்ட குரல் பதிவு இன்னும் குழுவில் இருக்கிறது: “இவ்ளோ பொண்ணுங்க கீறாங்க. யாரும் கேக்கலையே. உனக்கு மட்டும் இன்னா?” அந்தப் பெண்கள் அத்தனை பேரும் அப்போது அக்காவைச் சுற்றி நின்றுதான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

நேற்று அக்காவின் எண்ணை எடுத்துவிட்டார்கள். “இனி குரூப் அமைதியா இருக்கும்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதற்கும் கட்டைவிரல்கள். கைகூப்பிய அதே கைகள்.

நான் பத்தாவதோடு நின்றவள். நாலு பேர் முன்னால் பேச வராது. “பேச வேண்டாம், எழுதுட்டி. உன் கை நடுங்குறது அவனுக்குத் தெரியவா போகுது” என்று அக்கா சொல்வார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, பதில் வராத அந்தக் கடைசிக் கேள்வியைத்தான். இனி அது என் பெயரில் இருக்கட்டும்.

நான் கவிதா. பஸ் எப்போது ஹாஸ்டல் தெருவுக்கு வரும்? பதிலை இங்கேயே எழுதுங்கள்.