என் ஒரே ஃபாலோயர்

கம்பத்தில், குமுளிக்குப் போகிற சாலையில் நானும் என் மனைவியும் நேந்திரங்காய் சிப்ஸ் கடை வைத்திருக்கிறோம். வியாபாரம் அவள் பொறுப்பு, எண்ணெய்ச் சட்டி என் பொறுப்பு. எனக்கு ஆட்களோடு பேச வராது. யாராவது என்னைப் பார்த்து, "அண்ணே, காரம் இருக்கா?" என்று கேட்டால்கூட ஜல்லிக்கரண்டியை நீட்டி அவளைக் காட்டிவிடுவேன். பல வருடங்களாக இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் இருந்ததில்லை.

குறை இருக்கிறது என்று கண்டுபிடித்தவன் என் மச்சினன், மனைவியின் தம்பி. தேனியில் ஜவுளிக்கடைகளுக்கும் பல் ஆஸ்பத்திரிகளுக்கும் விளம்பர வீடியோ எடுத்துக் கொடுக்கிறான். ஒருநாள் கடைக்கு வந்தவன் ஒரு பிடி சிப்ஸை வாயில் போட்டு மென்றுகொண்டே சொன்னான்.

"மச்சான், உங்க சிப்ஸுக்கு ருசி இருக்கு. முகம் இல்ல."

"சிப்ஸுக்கு எதுக்குலே மூஞ்சி?" என்றாள் அவன் அக்கா.

தேனியில் டிஜிட்டல் புதுமைத் திருவிழா நடக்கப்போவதாகச் சொன்னான். சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் பெரிய ஆட்கள் வருகிறார்களாம். எங்களுக்கும் ஒரு ஸ்டால் பிடித்துவிட்டானாம். இப்போதெல்லாம் பொருளை யாரும் வாங்குவதில்லை, பொருளுக்குப் பின்னால் இருக்கிற கதாபாத்திரத்தைத்தான் வாங்குகிறார்கள் என்று விளக்கினான். அதற்காக மதுரையில் ஒரு வாழைப்பழ உடையை வாடகைக்குச் சொல்லி, அதைப் போட்டுக்கொண்டு ஆடுவதற்கு ஓர் ஆளையும் பேசி முடித்திருந்தான்.

மனைவி செல்போனில் அந்த உடையின் படத்தைப் பார்த்தாள். மஞ்சள் நிறத்தில் ஆளுயரப் பழம், பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது.

"ஏலே, இது பழம்ல? நாம போடுறது காயில."

"தெரியும்க்கா. பச்சையில தச்சா புடலங்காய்னு நெனச்சுருவாக."

அவள் செல்போனை அவனிடமே நீட்டிவிட்டாள்.

திருவிழா ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. முந்தின நாள் யாருக்கோ கல்யாணம் ஆகியிருந்தது. வாசலில் கட்டிய வாழைமரங்கள் இன்னும் வாடவில்லை. "பாத்தீகளா மச்சான், நமக்கு ஓசியில விளம்பரம்" என்றான் மச்சினன். உள்ளே பந்தி நடக்கிற கூடத்தில் மேசைகளைப் போட்டு ஸ்டால் ஆக்கியிருந்தார்கள். ஏலக்காய்த் தோட்டத்துக்கு மருந்தடிக்கும் ட்ரோன், செல்போனைக் காட்டினால் உங்களுக்கு எந்த மூக்குக் கண்ணாடி பொருந்தும் என்று சொல்கிற கருவி, ஒரு வார்த்தை சொன்னால் உங்கள் கடைக்குப் பாட்டெழுதிப் பாடுகிற கம்ப்யூட்டர் என்று ஏகப்பட்டது இருந்தது. அந்தக் கம்ப்யூட்டர் பக்கத்து ஸ்டால் உரக்கடைக்காரருக்கு எழுதிக்கொடுத்த காதல் பாட்டைக் கேட்டு அவர் கண் கலங்கிப்போனார்.

உடை வந்துவிட்டது, ஆடுகிற ஆள் வரவில்லை. மச்சினன் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான்.

"அண்ணே, திருச்சியில ஒரு நகைக்கடை தொறப்பு விழா. யானை வேசம் கெடைச்சுருச்சு" என்றது போன்.

"முடிச்சுட்டு மத்தியானமாவது வாய்யா."

"முடியாதுண்ணே. நான் பின்னங்காலு. விட்டுட்டு வந்தா யானை நிக்காது."

மச்சினன் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். மனைவியும் என்னைப் பார்த்தாள். "உசரம் சரியாத்தான் இருக்கு" என்றாள். அவள் காப்பாற்றுவாள் என்று எனக்கு இருந்த ஒரே நம்பிக்கையும் அப்போது போயிற்று.

உடை தலைக்கு மேல் ஒரு முழம் நீண்டு, கீழே முழங்காலில் முடிந்தது. உள்ளே முழுக்க ஸ்பாஞ்சு. பழத்தின் வாய் இருக்கிற இடத்தில் ஒரு சின்ன வலை, அதன் வழியாகத்தான் உலகத்தைப் பார்க்க வேண்டும். வயிற்றில் கியூஆர் கோடு. பின்பக்கம், இடுப்புக்குக் கீழே, சிவப்பு எழுத்தில் எங்கள் கடைப் பெயர். முதுகில் ஜிப். அதை உள்ளே இருப்பவன் தொடவே முடியாது.

முதல் அரைமணி நேரம் எனக்குப் பிடித்திருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாதது பெரிய சுகம். நேரில் பார்த்தால் மடித்துக் கட்டிய வேட்டியை மரியாதைக்கு நான் இறக்கிவிடுகிற ஒரு கல்லூரி முதல்வர், என் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார். வந்தவர்கள் எல்லோரும் செல்போனைக் கையில் பிடித்தபடி என் வயிற்றுக்கு நேராகக் குனிந்தார்கள். மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் நேரலை போட்டுக்கொண்டிருந்ததால் வைஃபை படுத்துவிட்டது. போன் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்க, அவர்கள் என் வயிற்றைக் கும்பிடுகிற மாதிரி குனிந்தே நின்றார்கள்.

எங்கள் ஊர் சர்ச்சின் பங்குச் சாமியாரும் ட்ரோன் பார்க்க வந்திருந்தார். போகிற போக்கில் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தவர், செருப்பில் வந்ததும் நின்றுவிட்டார்.

"ஞாயித்துக்கெழமை பூசைக்குப் பிந்தி வர்ற காலு மாதிரி இருக்கே."

நான் காலை உள்ளே இழுக்கப் பார்த்தேன். வாழைப்பழத்துக்குள் காலை இழுக்க இடமில்லை. சாமியார் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் அந்த ரோபோ என்னைப் பார்த்தது.

கோயம்புத்தூரிலிருந்து ஓர் இளம்பெண் கொண்டுவந்திருந்த வரவேற்பு ரோபோ அது. இடுப்புயரம், அடியில் சக்கரம். தலைக்குப் பதில் ஒரு திரை, அதில் இரண்டு நீலக் கண்கள். கையில் கல்கண்டும் சந்தனமும் வைத்த தாம்பாளம், மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் பன்னீர் தெளிக்கிற குழாய். அந்தப் பெண் மஞ்சள் பனியன் போட்டிருந்தாள். மஞ்சளைக் கண்டால் பின்னால் போக வேண்டும் என்று அதற்குச் சொல்லிவைத்திருந்தார்கள். எனக்கு அது அப்போது தெரியாது. அவள் வடை வாங்கப் போயிருந்தாள்.

ரோபோ நேராக என்னிடம் வந்தது. "வணக்கம். நல்வரவு. தங்கள் வருகை எங்கள் பாக்கியம்" என்று சொல்லி, வலை வழியாக என் கண்ணிலேயே பன்னீரை அடித்தது.

நான் ஒதுங்கினேன். அதுவும் ஒதுங்கியது. இரண்டு எட்டு வேகமாக வைத்தேன். பின்னால் சக்கரச் சத்தமும் வேகமாகக் கேட்டது. நின்றால் நல்வரவும் பன்னீரும், நடந்தால் சக்கரம். ட்ரோன் ஸ்டாலைச் சுற்றினேன், உரக்கடைக்காரரைச் சுற்றினேன். சுற்றி நின்றவர்கள் வழிவிட்டுச் செல்போனைத் தூக்கினார்களே தவிர, ஒருவரும் தடுக்கவில்லை. இது நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள். அந்தப் பெண் வடையைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"அண்ணா, ஓடாதீங்ணா! நில்லுங்ணா!"

"நின்னா மூஞ்சியில அடிக்குதும்மா! நிப்பாட்டு!"

"ஆப்புல தானுங்ணா நிறுத்தணும். நெட்டு கெடைக்க மாட்டேங்குது!"

மச்சினன் பக்கத்திலேயே பின்னோக்கி நடந்து படம் பிடித்துக்கொண்டிருந்தான். "மச்சான், சூப்பர்! அப்படியே லேசா ஆடுங்க!" என்றான்.

எதிரே ஒரு கதவு தெரிந்தது. உள்ளே புகுந்து சாத்திக்கொள்ளலாம் என்று ஓடினேன். பழத்தின் நுனி கதவு நிலையில் இடித்ததில் குனிந்து நுழைய வேண்டியதாயிற்று. அதற்குள் ரோபோவும் உள்ளே வந்துவிட்டது. அது மணமகள் அறை. கல்யாண மண்டபங்களில் மணமகள் அறைக்கு இரண்டாவதாக ஒரு கதவு உண்டு, அது நேராக மேடைக்குத் திறக்கும். தேனி மாவட்டத்தில் எத்தனையோ கல்யாணங்களுக்குப் போனவன் நான். அந்த நேரத்தில் அது ஞாபகம் வரவில்லை.

மேடையில் சென்னையிலிருந்து வந்த விளம்பர நிபுணர் பேசிக்கொண்டிருந்தார். தாடி, ஷூ, ஆனால் சாக்ஸ் இல்லை. "கஸ்டமர் பின்னால நீங்க ஓடக்கூடாது. கஸ்டமர் உங்க பின்னால ஓடி வரணும்" என்று அவர் கையை ஓங்கிச் சொன்னபோது நான் வந்தேன். எனக்குப் பின்னால் ரோபோ வந்தது.

கைதட்டலில் மண்டபம் அதிர்ந்தது. நிபுணர் ஒரு நொடிதான் திகைத்தார். பிறகு, எல்லாம் தான் ஏற்பாடு செய்ததுபோல மைக்கை என் வாய்க்கு, அதாவது பழத்தின் வாய்க்கு நேராக நீட்டினார்.

"வாங்க, வாங்க! சொல்லுங்க, உங்க பிராண்டோட நோக்கம் என்ன?"

"ஜிப்பு பின்னால இருக்கு" என்றேன். உள்ளே மூச்சு முட்டிக்கொண்டிருந்தது.

"கேட்டீங்களா?" என்று கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "பின்னால இருக்குங்கறார்! நல்ல பிராண்டுக்கு விஷயம் எப்பவும் பின்னாலதான் இருக்கும். முன்னால தெரியறது வெறும் தோல்!"

முன்வரிசையில் நாலைந்து பேர் அதை நோட்டில் எழுதிக்கொண்டதை வலை வழியாகப் பார்த்தேன்.

"வணக்கம். நல்வரவு" என்று ரோபோ பன்னீர் அடித்தது.

"அடுத்த அஞ்சு வருஷத்துல நீங்க எங்க இருப்பீங்க?"

"இங்கனயே செத்துருவேன்யா!"

"பாருங்க, மண்ணை விட்டுப் போகவே மாட்டாராம்! லோக்கல்! இந்த உணர்ச்சியை எந்தக் கம்பெனியும் காசு குடுத்து வாங்க முடியாது!"

மறுபடியும் கைதட்டல். என் வாழ்க்கையிலேயே நான் சொன்ன வார்த்தைகளுக்கு இவ்வளவு மரியாதை கிடைத்தது அன்றைக்குத்தான். ஆனால் அதை அனுபவிக்கிற நிலையில் நான் இல்லை.

என் மனைவி மேடைப்படி ஏறி வந்தாள். கையில் கொண்டுவந்த பெரிய சிப்ஸ் பையை உதறி விரித்து, ரோபோவின் தலையில் கவிழ்த்தாள். அது நின்றுவிட்டது. பைக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"தயவுசெய்து விளக்கைப் போடவும்."

"போடுறேன், போடுறேன், கொஞ்சம் இரு" என்று அதற்குப் பதில் சொல்லிவிட்டு, என்னைத் திருப்பி நிறுத்தி ஜிப்பைப் பிடித்து இழுத்தாள். அது பாதியில் மாட்டிக்கொண்டது. என் முதுகில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு இழுத்தாள். பனியனும் மடித்துக் கட்டிய லுங்கியுமாக, வேர்வையும் பன்னீரும் ஒழுக நான் வெளியே வந்தேன். முதலில் எழுந்து கைதட்டியவர் பங்குச் சாமியார்.

நிபுணர் மைக்கை இப்போது அவளிடம் நீட்டினார். "மேடம், உங்க மார்க்கெட்டிங் உத்தி என்ன?"

"மொதல்ல அவுகளுக்குத் தண்ணி குடுங்க" என்றாள்.

வேனில் திரும்பி வருகிற வழியில் நான் யாரோடும் பேசவில்லை. வழக்கமாகவே பேசமாட்டேன் என்பதால் அது கோபம் என்று யாருக்கும் புரியவில்லை. சின்னமனூர் தாண்டியதும் மனைவி மட்டும் தம்பியிடம் மெல்லச் சொன்னாள். "நான் சொன்ன மாதிரி காயா, பச்சையா தச்சிருந்தா அது இவுக பின்னால வந்துருக்குமாலே?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதோடு கோபம் முடிந்தது.

அன்று சாயங்காலத்துக்குள் மச்சினன் எடுத்த வீடியோ ஊரெல்லாம் பரவியது. நான் வெளியே வருவதற்கு முன்பே அது முடிந்துவிடும், மனைவியின் முதுகும் குரலும்தான் அதில் இருந்தன. வருசநாட்டில் மனைவியின் பெரியப்பா இருக்கிறார். மேட்டில் ஏறி நின்றால்தான் அவருக்கு சிக்னல் கிடைக்கும். அவரும் மேடேறி எங்களுக்கே அதை அனுப்பியிருந்தார். கூடவே ஒரு வரி: "எவனோ ஒரு கிறுக்குப்பய, பாத்துச் சிரிங்க." நாங்கள் சிரிக்கிற பொம்மை ஒன்றைப் பதிலாக அனுப்பிவைத்தோம்.

ஆனால் கடைக்கு ஒரு புது ஆள்கூட வரவில்லை. காரணத்தை மச்சினன்தான் கண்டுபிடித்தான். கடைப் பெயர் உடையின் பின்பக்கம் இருந்தது. வீடியோ முழுவதும் அந்த இடத்தை ரோபோ மறைத்துக்கொண்டே வந்தது. ரோபோவின் நெஞ்சில் இருந்த அதன் கம்பெனிப் பெயரோ பளிச்சென்று தெரிந்தது. அவர்களுக்குக் கல்யாண ஆர்டர் குவிந்ததாம்.

பத்து நாள் கழித்து, எப்போதும் எங்களிடம் சிப்ஸ் வாங்குகிற குமுளி ஜீப் டிரைவர் ஒருவர் கடை முன்னால் வண்டியை நிறுத்தினார். கூட்டமாக இருந்தது. "போடுறேன், போடுறேன், கொஞ்சம் இரு" என்று மனைவி யாரையோ அதட்டினாள். டிரைவர் வாயைப் பிளந்து, பாதி மலையாளத்தில் கேட்டார்.

"சேச்சி! ஆ ரோபோகிட்ட பறஞ்சது நீங்களா?"

அவர் மலைமேல் இருக்கிற அத்தனை ஜீப்புகாரர்களிடமும் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு தேக்கடி போகிற வண்டிகள் எங்கள் கடையில் நிற்க ஆரம்பித்தன. இறங்குகிறவர்கள் செல்போனை நீட்டி, "அக்கா, அதச் சொல்லுங்கக்கா" என்பார்கள். அவளுக்கு அதில் கஷ்டமே இல்லை. ஒரு நாளைக்கு நூறு தடவை அவள் அதைத்தான் சொல்கிறாள். சொன்ன பிறகு, "எத்தனை பாக்கெட்டு?" என்று அதே மூச்சில் கேட்டுவிடுவாள். ஒருவரும் வெறுங்கையோடு போனதில்லை. மச்சினன் இப்போது தேனியில் எல்லோரிடமும் தான் திட்டமிட்டுச் செய்த குரல் பிராண்டிங் இது என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். ஒரு பல் ஆஸ்பத்திரி அதை நம்பி, டாக்டர் நோயாளிகளை அதட்டுகிற மாதிரி ஒரு விளம்பரம் எடுத்துக்கொண்டதாகக் கேள்வி.

போன மாதம் அந்தக் கோயம்புத்தூர்ப் பெண் அப்பா அம்மாவோடு தேக்கடிக்குப் போகிற வழியில் கடையில் இறங்கினாள். என்னைப் பார்த்ததும் கைகூப்பினாள்.

"அன்னைக்கு ரொம்பத் தொந்தரவு குடுத்துட்டமுங்ணா."

"ரோபோ சௌக்கியமா ஆத்தா?" என்று மனைவி கேட்டாள், சொந்தக்காரப் பிள்ளையை விசாரிக்கிற மாதிரி.

அந்தப் பெண் தலையில் கைவைத்துக்கொண்டாள். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு மஞ்சள் நீராட்டு விழாவுக்கு அதைக் கூட்டிப்போனார்களாம். அங்கே பெண்கள் எல்லோரும் மஞ்சள் சேலை. யார் பின்னால் போவதென்று தெரியாமல் நடு மண்டபத்தில் அது நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றி, ஒரு குடம் பன்னீரையும் தெளித்து முடித்துவிட்டு, கடைசியில் தாய்மாமன் கொண்டுவந்த சீர்வரிசைத் தட்டில் போய் முட்டி நின்றதாம்.

"அப்புறம்?" என்றேன் நான்.

"அப்புறம் தாய்மாமன் அதுக்கும் ஒரு துண்டு போட்டு விட்டாருங்ணா."

மனைவி சிரித்துச் சிரித்துத் தராசைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அவர்கள் கேட்ட இரண்டு பாக்கெட்டோடு இன்னொன்றையும் பையில் போட்டாள்.

"இது எதுக்குங்கக்கா?"

"அதுக்கு."

"அது திங்காதுங்கக்கா."

"அப்ப நீ தின்னு ஆத்தா" என்றாள். பக்கத்தில் நின்றிருந்த அந்தப் பெண்ணின் அப்பா அதற்குள் பையிலிருந்து முதல் பாக்கெட்டை எடுத்துப் பிரித்திருந்தார்.