டூங்கபி வேனில் ஒரு புதன்கிழமை

மெல்பர்னில் எங்கள் கிரான்பர்ன் பக்கம் தமிழ் முதியவர்களுக்காக ஒரு வேன் விடலாமா என்று நண்பர்கள் நாலு பேர் ஒரு வருடமாகப் பேசிக்கொண்டிருந்தோம். பேசுவதில் நாங்கள் சூரர்கள். சிட்னியில் அப்படியொன்று ஓடுகிறது என்று கேள்விப்பட்டு, போன மார்ச்சில் ஒரு புதன்கிழமை விடுப்புப் போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

காலை ஆறு மணி விமானம், போக மட்டும் 89 டாலர். பிறகு சென்ட்ரலில் ரயில் மாறி டூங்கபிக்கு ஒன்றேகால் மணி நேரம். விமான நிலையத்தில் ரயிலேற எக்ஸ்ட்ரா கட்டணம் வேறு. வயிறு எரியத்தான் செய்யும்.

9.40க்கு வேன் வந்தது. ஓட்டுபவர் யோகன் அண்ணன், யாழ்ப்பாணத்துக்காரர். அகதியாக வந்து, தொழிற்சாலையில் உழைத்து ஓய்வு பெற்றவர். ஓட்டுவதற்குச் சம்பளம் கிடையாது. வேனை நடத்துவது லாப நோக்கில்லாத ஒரு சின்னச் சங்கம். பெட்ரோலும் இன்சூரன்சும் அரசு மானியம்.

“அரசாங்கம் காசு தருது, சனம் கை தருது. ரெண்டில ஒண்டு இல்லாட்டியும் வான் நிண்டிடும்,” என்றார். வேன் அவர் வாயில் ‘வான்’.

ஏழு முதியவர்களை ஏற்றிக்கொண்டு ஆறு கிலோமீட்டர் தள்ளி, அவர்கள் புதன்தோறும் கூடிச் சாப்பிடும் பிளாக்டவுன் மண்டபத்துக்குப் போனோம். அங்கே மானிய அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி அம்மா காத்திருந்தார். மானியத்தைப் புதுப்பிக்கும் நேரம். “வெளியே போய்வரச் சிரமம் உண்டா?” என்று படிவத்தில் கேட்டதற்கு எல்லோரும் ‘இல்லை’ என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள். சிரமமே இல்லாதவர்களுக்கு வேன் எதற்கு என்பது அவர் கேள்வி. நியாயம்தானே!

யோகன் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். மொழிபெயர்க்க என்னைப் பிடித்துப் போட்டார்கள். முன்வரிசையில் இருந்த, எல்லோரும் ‘அன்ரி’ (ஆன்ட்டி) என்று கூப்பிடும் பரமேஸ்வரியிடம், “இந்த வேன் உங்களுக்குத் தேவையா?” என்று கேட்டேன்.

“எங்களுக்கு ஒரு குறையும் இல்லை, தம்பி. அரசாங்கம் எவ்வளவோ செய்யுது. கஷ்டப்பட்ட ஆக்களுக்குக் குடுக்கட்டும்.”

நன்றி சொல்கிறாராம்! சாப்பிட்ட வீட்டில் குறை சொல்லக் கூடாது என்று வளர்ந்தவர்கள். அந்த நல்ல பழக்கமே வேனுக்கு வேட்டு வைக்கப் பார்த்தது. அதை மொழிபெயர்க்காமல் வேறு மாதிரி கேட்டேன்.

“வேன் வராத நாள்ல என்ன பண்ணுவீங்க அன்ரி?”

“மகள் காலமை ஏழு மணிக்குப் போயிடுவா. பிறகு பொழுதுபடுமட்டும் ஒருத்தரோடையும் கதைக்கிறேல்லை. டீவியோடை கதைப்பன்,” என்று சிரித்தார். இதை அப்படியே மொழிபெயர்த்துச் சொன்னேன்.

அதிகாரி அதே கேள்வியை மற்ற ஆறு பேரிடமும் கேட்கச் சொல்லி, ஒவ்வொரு பதிலையும் எழுதிக்கொண்டார். பயனாளிகளை நேரில் கேட்காமல் மானியத்தை நிறுத்தக் கூடாது என்று அவர்களுக்கு ஒரு விதி உண்டாம். அந்த விதியை எழுதிய புண்ணியவான் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு. என் வரிப்பணம் போவதை நினைத்து முதல்முறையாகச் சந்தோஷப்பட்டேன். மூன்று வாரம் கழித்து யோகன் அண்ணன் போன் செய்தார்: “வான் ஓடும், தம்பி.”

போக நினைப்பவர்கள் சங்கத்துக்கு முன்கூட்டியே எழுதிவிட்டு, புதன்கிழமையாகப் பார்த்துப் போங்கள். மதியச் சாப்பாடு எட்டு டாலர், தேங்காய்ப்பால் சொதியை விட்டுவிடாதீர்கள். உங்கள் ஊரிலும் தொடங்குவதாக இருந்தால், நம் ஆட்களிடம் ‘தேவையா’ என்று மட்டும் கேட்காதீர்கள்.

அந்தப் புதன்கிழமை மாலையே வீடு திரும்பியிருந்தேன். அம்மா எங்களோடு ஆறு வருடமாக இருக்கிறார். “ஏதாவது வேணுமாம்மா?” என்று தினமும் கேட்பேன், ஒன்றும் வேண்டாம் என்பார். அன்றைக்கு, “நான் வேலைக்குப் போனப்புறம் என்னம்மா பண்ணுவே?” என்று கேட்டேன்.

“உன் கார் சத்தம் கேக்குதான்னு பாத்துட்டிருப்பேன்,” என்றார்.