கூண்டுக்கு அடியில் இருந்த கல்

இஸ்திரியக்காவுக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. "செத்தவங்க வந்து என்னத்தைப் பண்ணப் போறாங்க, உயிரோட இருக்கறவங்க பண்றது போதாதா?" என்று கேட்கிற ஆள். அப்படிப்பட்டவளுக்குத்தான், ரொட்டிக்கடைக்காரரோடு சண்டை போட்ட மறுநாள், விடிவதற்குச் சற்று முன்னால் விறகுக்கடை முற்றத்தில் யாரோ பெருக்குகிற சத்தம் கேட்டது. சரக், சரக் என்று நிதானமாக. பிறகு துடைப்பத்தைத் தட்டுகிற சத்தம், டொக், டொக் என்று இரண்டு முறை. எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். யாரும் இல்லை. சருகும் மரப்பட்டையும் போட்டது போட்டபடி கிடந்தன.

அது யார் கை என்று அவளுக்கா தெரியாது? கல்யாணமான நாளிலிருந்து காதில் விழுந்த சத்தம். அவர் போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது.

அவள் கணவர் விறகு விற்றார். முற்றத்தில் நாலு கம்பம் நட்டு, மேலே குறுக்குச் சட்டம் அடித்து ஒரு கூண்டு வைத்திருந்தார். தரையிலிருந்து சட்டம் வரை விறகை நெருக்கி அடுக்கினால் ஒரு கூண்டு விறகு, அதுதான் விற்பனைக் கணக்கு. கம்பத்தில் அரசாங்க முத்திரை உண்டு. கோணல் கட்டை வந்து அடுக்கில் சந்து விழுந்தால் உருவித் தூர எறிவார். "காத்தை விக்கிற கடை இது இல்ல" என்பார். தினமும் கூண்டைப் பெருக்காமல் ஒரு கட்டையை உள்ளே வைக்க மாட்டார். தெருவில் அவருக்குத் 'துடைப்பம்' என்றே பேர் விழுந்தது.

அவள் அப்போது சலவைக்கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். விடிந்ததும் கிளம்பினால் இருட்டித்தான் திரும்புவாள். முற்றத்துப் பக்கம் அவளுக்கு என்ன வேலை? படுத்தபடி சத்தத்தை மட்டும் கேட்பாள். "வீட்டுக்குள்ள ஒரு நாள் இப்படிப் பெருக்கியிருப்பீங்களா?" என்று வம்புக்கு இழுப்பாள். அவர் சிரிப்பாரே தவிர வாயைத் திறக்க மாட்டார்.

ஒரு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இஸ்திரிப்பெட்டியை வைத்துவிட்டு அவள் விறகுக்கு வந்தாள். துணி மடித்து அடுக்கிய கை அல்லவா, அடுக்கில் எறும்பு நுழைய இடம் விட மாட்டாள். பெருக்குவதை மட்டும் விட்டுவிட்டாள். பெருக்கினால் விறகு கூடிவிடுமா என்ன?

இப்படி இருக்கும்போதுதான் ரொட்டிக்கடைக்காரர் வந்து தயங்கித் தயங்கி நின்றார். கணவரின் காலத்திலிருந்தே வருகிற வாடிக்கைக்காரர்.

"தங்கச்சி, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டியே?"

"கேளுங்க, அப்புறம் சொல்றேன்."

"முன்னெல்லாம் ஒரு கூண்டு வாங்கினா வாரம் முழுக்க அடுப்பு எரியும். இப்போ மாவு பிசைஞ்சு வச்சுட்டு விறகுக்கு ஓட வேண்டியிருக்கு."

அவ்வளவுதான், அவளுக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. "அதே கூண்டு, அதே கம்பம், அதே முத்திரை! அவர் மேல சத்தியமா சொல்றேன். அவர் கொடுத்த அளவுல ஒரு குச்சி குறைஞ்சிருந்தாலும் அவர் ஆத்மா நிம்மதியா இருக்கக் கூடாது. போதுமா?" வாங்க வந்த கூட்டம் மொத்தமும் கேட்டது. ரொட்டிக்கடைக்காரர் விறகை ஏற்றிக்கொண்டு போனார்.

மறுநாள் தொடங்கியதுதான் அந்தப் பெருக்கல். ஒரு நாள் விடாமல் வந்தது. தன் வாயாலேயே அவரை அலைய விட்டுவிட்டோமோ என்ற நினைப்பு அவளை விடவில்லை. சோறு இறங்கவில்லை. ஒரு விடியலில் கதவோரம் உட்கார்ந்து, "என்ன வேணும் உங்களுக்கு? சொல்லித் தொலைங்களேன்!" என்று கத்தினாள். கத்திவிட்டு அழுதாள். வெளியே டொக், டொக் என்று தட்டினார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மண்ணில் தட்டினால் பொத்தென்றுதானே கேட்கும்? இது கல்லில் தட்டுகிற சத்தம். முற்றத்தில் ஏது கல்?

அவர் போன பிறகு பக்கத்துத் தெருவிலிருந்து விறகு பிளக்க வரும் கொழுந்தன் வந்ததும் வராததுமாக அவன் கையில் கடப்பாரையைக் கொடுத்து, கூண்டுக்குள் தோண்டச் சொன்னாள். மரத்தூளும் பட்டையும் மழையில் ஊறி, மிதிபட்டு இறுகிக் கிடந்தன. சற்று நேரத்தில் டங்கென்றது. நாலு கம்பத்துக்கும் நடுவே, முற்றத்தை விடத் தாழ்வாக, ஒரே பலகைக் கல். அதுதான் கூண்டின் தரை. அவள் கையை விரித்து வைத்துப் பார்த்தாள். சுண்டுவிரல் கல்லில் நின்றது, கட்டைவிரல் மேல்மண்ணைத் தொட்டது. ஒரு சாண்.

பள்ளத்தில் விழுகிற குப்பையெல்லாம் விறகின் இடத்தைத் தின்னும். அதற்காகத்தான் அவர் தினமும் பெருக்கியிருக்கிறார். அளவு பார்க்க வரும் அதிகாரி முத்திரையைப் பார்ப்பார், டீயைக் குடிப்பார், போவார். தரையைப் பார்த்தது இந்த மனிதர் ஒருவர்தான். "அடப் பாவி மனுஷா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று அவள் கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணி, சுத்தம் பண்ணியாச்சுல்ல? இனிமே சரியா கொடுப்போம். வெளியில சொல்லாதீங்க" என்றான் கொழுந்தன்.

"இதுவரைக்கும் வாங்கினவங்களுக்கு?"

"சும்மா இருக்கற சங்கை ஊதிக் கெடுக்காதீங்க. சொன்னா உங்களை யாரும் திட்ட மாட்டாங்க. இந்தக் கூண்டு எப்பவுமே இப்படித்தான்னு அண்ணனைத் திருடனாக்கிடுவாங்க. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?"

அவன் சொன்னதில் தப்பு இல்லை. அவளிடம் அவருடையது என்று மிச்சம் இருந்தது அந்த நல்ல பேர் ஒன்றுதான். அன்று அவளும் வெளியே சொல்லவில்லை. கல் பளிச்சென்று கிடந்தது. விடியலில் பார்த்தால், மறுபடியும் சரக், சரக். முன்னை விட வேகமாக.

விடிந்ததும் நேரே ரொட்டிக்கடைக்குப் போனாள். கடை நிறைய ஆட்கள்.

"அண்ணே, என் கூண்டு ஒரு சாண் குறைச்சல். நீங்க சொன்னதுதான் சரி. நான் பண்ண சத்தியம் பொய்."

வரிசையில் நின்ற ஒருத்தி சட்டென்று, "அப்போ துடைப்பமும் இத்தனை வருஷம் இப்படித்தான் கொடுத்தாரா?" என்றாள். கொழுந்தன் சொன்னது அட்சரம் பிசகாமல் நடந்தது. இஸ்திரியக்கா வாசல் பக்கம் திரும்பினாள். "வந்து பாருங்க. பார்த்துட்டுப் பேசுங்க" என்றாள்.

ரொட்டிக்கடைக்காரர் மாவுக் கையோடு வந்து கூண்டுக்குள் குந்தினார். கல் உள்ளங்கை மாதிரி வழவழவென்று தேய்ந்திருந்தது. கம்பங்களின் அடியில், கல்லை ஒட்டினாற்போல, துடைப்பம் பட்டுப் பட்டு மரமே குழிந்திருந்தது. மண் மூடிக் கிடந்த இடம் அப்படித் தேயுமா? கூட வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கேட்டவள் தலையைக் குனிந்தாள்.

"துடைப்பம்னு பேர் வச்சதே நான்தான் தங்கச்சி" என்றார் ரொட்டிக்கடைக்காரர். கண்ணைத் துடைத்ததில் முகமெல்லாம் மாவாகிவிட்டது.

அதற்குப் பிறகு அவள் வீடு வீடாகக் குறைந்த விறகைக் கொண்டுபோய்ப் போட்டாள். கொழுந்தன் முணுமுணுத்துக்கொண்டே சுமந்தான். கடைசி வீட்டுக்கும் போட்டு முடித்த மறுநாள், விடியலில் விழித்துக் காத்திருந்தாள். சத்தம் இல்லை. அடுத்த நாளும் இல்லை. நிம்மதியாகப் போய்விட்டார். சந்தோஷப்பட வேண்டியதுதானே? அவளால் முடியவில்லை. இப்போதுதான் அவர் செத்தது போல இருந்தது.

ஒரு நாள் வேண்டுமென்றே கூண்டைப் பெருக்காமல் விட்டாள். பட்டையும் தூளும் கல்லை மூடிக் கிடக்கட்டும், பொறுக்க முடியாமல் வருவார் என்று ஒரு சபலம். விடியும்வரை காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தாள். தூரத்தில் ஒரு வண்டி போனது. வேறொன்றும் கேட்கவில்லை. இன்று ரொட்டிக்கடைக்கு ஒரு கூண்டு போக வேண்டும் என்று நினைவு வந்தது.

எழுந்து துடைப்பத்தை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். மூலை முடுக்கு விடாமல் பெருக்கி, துடைப்பத்தைக் கல்லில் இரண்டு முறை தட்டினாள். அவர் தட்டுவது போலவே இருந்தது. படுத்தபடி அதைக் கேட்க வீட்டுக்குள் யாரும் இல்லை.