என் கணவரைக் கட்டவிழ்த்த டாக்டர்

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, இந்தக் கூட்டத்தில் சாட்சி சொல்லும்படி என்னைப் பல முறை கேட்டிருக்கிறீர்கள். நான் எழுந்ததில்லை. வீட்டுக்குள் நடந்த அடியையும் ரத்தத்தையும் சபை நடுவில் எப்படிச் சொல்வது என்று கூசிப்போய் உட்கார்ந்துவிடுவேன். இன்று சொல்லாமல் வீடு திரும்ப எனக்கு மனதில்லை.

1961-ஆம் வருடம், சித்திரை மாதம். ஆமத்தூரில் எங்கள் வீட்டில் காலையில் காப்பி போட அடுப்பங்கரையில் குனிந்து தீக்குச்சியை உரசினேன். பின்னாலிருந்து ஒரு கை என் கொண்டையைப் பிடித்தது. அப்படியே தூக்கிச் சுவரில் மோதியது. கண் இருண்டு விழுந்தேன். நெற்றியிலிருந்து ரத்தம் வழிந்து கண்ணுக்குள் இறங்கியது. துடைத்துவிட்டுப் பார்த்தால், குடத்துத் தண்ணீரை அடுப்பில் கொட்டிக்கொண்டு நின்றது என் கணவர்.

"மருந்து கிடக்குட்டி! வெளிய ஓடு! வெளிய ஓடு!" என்று கத்தினார்கள்.

என் கணவர் பெயர் தேவசகாயம். சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர்கள். பட்டாசு வேலையில் வெடிப்பொடியை மருந்து என்றுதான் சொல்வார்கள். கல்யாணம் ஆன நாள் முதல் என் மேல் கை வைத்தவர்கள் அல்ல. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை நான் பிரம்பால் அடிப்பது தெரிந்தால்கூட அன்று இரவு சாப்பிடாமல் படுத்துக்கொள்ளும் மனிதர்.

அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே பேச்சு தடுமாறத் தொடங்கியிருந்தது. நடையும் தள்ளாடியது. மூலைகளில் மருந்து குவிந்து கிடக்கிறது என்று சொல்லி ஈரச் சாக்கை வைத்துக்கொண்டு வீட்டையே துடைப்பார்கள். வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மறுநாள் பக்கத்து வீட்டு முத்தையா எங்கள் வாசலோரம் நின்று பீடி பற்றவைத்தார். என் கணவர் உலக்கையை எடுத்துக்கொண்டு பாய்ந்து போய் ஒரே அடி. முத்தையாவின் மண்டை பிளந்தது. அவர் விழுந்த பிறகும் அந்தப் பீடியைத் தேடித் தேடி உலக்கையால் தரையைக் குத்தினார்கள். முத்தையாவின் மகன்களும் தெரு ஆட்களும் ஓடி வந்தார்கள். கம்பும் கையுமாக என் கணவரை அடித்துத் தள்ளினார்கள். இரண்டு பல் தெறித்து விழுந்ததை என் கண்ணால் பார்த்தேன். "வயசான மனுசம்யா, விட்டுருங்கய்யா" என்று ஒவ்வொருவர் காலையும் பிடித்தேன். கிணற்றுக் கயிற்றை எடுத்து வந்து, எங்கள் வீட்டு நடுத்தூணிலேயே என் கணவரைக் கட்டிவிட்டுப் போனார்கள்.

அச்சாபீசில் வேலை பார்க்கும் என் மகன் பொன்ராஜ் சிவகாசியிலிருந்து வந்து சேர்ந்தான். கூடவே ஒரு மனிதரையும் அழைத்து வந்தான். அவர் தம்மை ஜெபவீரர் என்று சொல்லிக்கொண்டவர். இது அக்கினிப் பிசாசு, அடித்தால்தான் போகும் என்றார். புளிய விளாறுகளைக் கட்டாகக் கட்டிக்கொண்டு தூணில் இருந்த என் கணவரை விளாசினார். முதுகுத் தோல் கீற்றுக் கீற்றாய் உரிந்தது. ஒவ்வொரு அடிக்கும் பிசாசின் பெயரைக் கேட்டார். என் கணவர் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்கள்.

"ஓடுங்கலே! எல்லாரும் ஓடுங்கலே!"

பிசாசு பிடிவாதமாக இருக்கிறது, நாளை வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவர் போனார். அடுத்த நாள் கதவைத் திறக்க மாட்டேன் என்று நான் குறுக்கே நின்றேன்.

கட்டிக் கிடந்த என் கணவர் கஞ்சி குடிக்கவில்லை. ஒரு கையையாவது அவிழ்த்துவிட்டால் குடிப்பார்கள் என்று நினைத்துக் கயிற்றைத் தளர்த்தினேன். அந்த நேரம் பார்த்துப் பொன்ராஜ் கொல்லைப்பக்கம் வெந்நீருக்கு அடுப்பை மூட்டியிருக்கிறான். புகை உள்ளே வந்தது. என் கணவர் என் வலது மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார்கள். எலும்பு ஒடிந்த சத்தம் எனக்கே கேட்டது. பிறகு கழுத்தைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தார்கள். மூச்சு நின்றது. பொன்ராஜ் ஓடி வந்து விறகுக்கட்டையால் தகப்பன் தலையில் அடித்தான். ஒரு அடியில் விடவில்லை. மூன்றாவது அடியில்தான் பிடி விட்டது. கட்டையைப் போட்டுவிட்டு என் மகன் தரையில் விழுந்து அழுதான்.

"இனி முடியாதும்மா. அப்பாவ மெட்ராசுக்குப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருவோம். இல்லன்னா ஒருநா நானே கொன்னுருவேன்."

அன்று மத்தியானம் தூணுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். ஒடிந்த கையைத் துண்டில் தொங்கவிட்டிருந்தேன். என் கணவர் தலை தொங்கிக் கிடந்தது. வாயில் நாற்றம். ஈ மொய்த்தது. ஆண்டவரே, இவரை எடுத்துக்கொள்ளும், இல்லையென்றால் என்னை எடுத்துக்கொள்ளும் என்று ஜெபித்தேன். அந்த ஜெபம் வாயில் தங்கவில்லை. நாற்பது வருடம் என்னோடு ஒரே பாயில் முழங்கால் போட்ட மனிதர் அல்லவா? கடைசியில் இப்படிக் கேட்டேன்: "இவருக்கு என்ன என்று தெரிந்த ஒரு ஆளைக் காட்டும். ஒரே ஒரு ஆள் போதும்."

பொன்ராஜ் என்னைக் கைக்கட்டுப் போட விருதுநகர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். அங்கே இருந்த நர்ஸ் என்னிடம் படித்த பிள்ளை. "எப்படி டீச்சர் ஒடிஞ்சது?" என்று கேட்டாள். கழுத்தில் விரல் தடத்தைப் பார்த்துவிட்டாள். எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவள் என்னைப் பாதிக் கட்டோடு விட்டுவிட்டு வெளியே ஓடினாள்.

மிளகாய் வத்தல் வியாபாரி ஒருவருடைய வயதான தாயாருக்கு மனம் சரியில்லை என்று மதுரையிலிருந்து ஒரு மனநோய் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, அந்த ஆஸ்பத்திரி டாக்டரிடம் பேசிவிட்டுக் காரில் ஏறிக்கொண்டிருந்தாராம். வண்டிக்குக் குறுக்கே போய் நின்றிருக்கிறாள் அந்தப் பிள்ளை. பிரியமானவர்களே, நான் கேட்டது மத்தியானம். சாயங்காலம் அந்த மனிதர் என் முன்னால் நின்றார். டாக்டர் வெங்கடேசன். நம் சபையைச் சேர்ந்தவர் அல்ல. நெற்றியில் திருநீறு இருந்தது. என் ஆண்டவர் அனுப்பியது அவரைத்தான்.

காரில் ஆமத்தூர் போகும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். என்ன வேலை பார்த்தார், எப்போது பேச்சு மாறியது, அடிக்கும்போது என்ன சொல்கிறார். அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை.

"தீயக் கண்டாத்தான் சார் அடிக்காக. மத்த நேரமெல்லாம் ஓடு, ஓடுன்னுதான் கத்துதாக."

"அப்படின்னா அவர் உங்களைக் கொல்லப் பார்க்கலைம்மா. காப்பாத்தப் பார்க்கிறார்" என்றார் டாக்டர்.

என் கழுத்தைப் பிடித்தவர்கள் என்னை வாசல் பக்கம்தான் இழுத்தார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

வாசலில் டாக்டர் செருப்பைக் கழற்றினார். இடுப்புப் பெல்ட், கடிகாரம், பேனா எல்லாவற்றையும் பொன்ராஜ் கையில் கொடுத்தார். பட்டாசு ஷெட்டுக்குள் இரும்பும் செருப்பும் போகக்கூடாது என்று காரில் நான்தான் சொல்லியிருந்தேன். உள்ளே போய்த் தூணுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். என் கணவர் அவர் முகத்தில் ரத்தத்தோடு துப்பினார்கள். காலை ஓங்கி நெஞ்சில் ஒரு உதை விட்டார்கள். டாக்டர் மல்லாந்து விழுந்தார். பொன்ராஜ் மறுபடியும் கட்டையைத் தூக்கினான்.

"கீழே போடுங்க தம்பி!" என்று டாக்டர் போட்ட சத்தத்தில் தெருவே அடங்கியது. "இந்த மனுஷன் மேல இனி ஒரு அடி விழுந்தா நான் போலீஸுக்குப் போவேன்."

முகத்தைத் துடைத்துக்கொண்டு பழையபடி உட்கார்ந்தார். குரலைத் தணித்துப் பேசினார்.

"போர்மேன் ஐயா, ஷெட்டுல இருந்த ஆள் எல்லாரும் வெளியே போயாச்சு."

என் கணவர் தலையைத் தூக்கினார்கள். "பொம்பளையாளுக?"

"அவங்களும் போயாச்சு. உங்க வீட்டம்மா வெளியே நிக்கிறாங்க. நீங்க மட்டும்தான் பாக்கி. வாங்க, போகலாம்."

"எல்லாரும் போயாச்சா?"

"போயாச்சு. யாருக்கும் ஒரு காயம் இல்லை."

என் கணவர் விம்மி விம்மி அழுதார்கள். டாக்டர் தம் கையாலேயே முடிச்சுகளை அவிழ்த்தார். கயிறு தோலோடு ஒட்டியிருந்தது. தண்ணீர் விட்டு நனைத்து நனைத்து எடுத்தார். அடிக்கவில்லை என் கணவர். பிள்ளையைப் போல டாக்டர் தோளில் சாய்ந்து வெளியே வந்தார்கள்.

கட்டிலில் படுக்கவைத்து உடம்பு முழுவதும் பார்த்தார். முகத்தில் கட்டி கட்டியாய் இருந்த பருக்களைக் கண்டதும் நின்றார். வேனல் கட்டி என்று நாங்கள் நினைத்தது. என்ன சாப்பிடுகிறார், என்ன குடிக்கிறார் என்று கேட்டார். ரத்தக்கொதிப்புக்காக ஒரு டாக்டர் உப்பை அடியோடு நிறுத்தச் சொல்லியிருந்தார், நிறுத்திவிட்டோம் என்றேன். வேறு என்ன மருந்து என்றார். தூக்கம் வராததற்கு ஒரு தண்ணீர் மருந்து, மாதக்கணக்காகக் குடிக்கிறார்கள், தூக்கம் வராத நாளில் கூடக் கொஞ்சம் என்று சொல்லிப் பாட்டிலைக் கொண்டு வந்தேன். அவர் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"இது புரோமைடும்மா. இதுவும் ஒரு வகை உப்புதான். சாப்பாட்டு உப்பு உள்ளே போயிருந்தா இது உடம்பை விட்டு வெளியே போயிருக்கும். அதை நிறுத்திட்டீங்க, இது தங்கிப்போச்சு. மூளையைக் கலக்கிடுச்சு. முகத்துல இந்தப் பருவும் அதனாலதான். ரத்தத்தைச் சோதிச்சாத்தான் உறுதியாச் சொல்ல முடியும். ஆனா இது பேயும் இல்லை, பைத்தியமும் இல்லைன்னு எனக்குத் தோணுது."

"அப்ப சரியாயிருமா சார்?"

"சரியாகலாம். வயசானவங்க திடீர்னு மாறினா வயசு மேல பழியைப் போட்டுட்டு எல்லாரும் போயிடுறாங்க. சில வாரத்துல யாருக்கும் வயசாகிறதில்லைம்மா."

அன்றே அவர் காரிலேயே மதுரைக்குக் கொண்டுபோனோம். ரத்தச் சோதனையில் அவர் சொன்னதே சரி என்று வந்தது. அந்த மருந்தை நிறுத்தி, உப்பும் தண்ணீரும் நிறையக் கொடுத்தார்கள். உடனே எல்லாம் மாறிவிடவில்லை. ஆஸ்பத்திரியிலும் என் கணவர் ஒரு ஆயாவைக் கீழே தள்ளினார்கள். ஊழியர் ஒருவர் கையைக் கடித்துச் சதையைப் பிய்த்துவிட்டார்கள். கட்டிப் போடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். டாக்டர் சம்மதிக்கவில்லை. மாறி மாறி ஆள் உட்காரவைத்தார். ஆள் இல்லாத நேரத்தில் அவரே வந்து உட்கார்ந்தார். நான் கட்டில் பக்கத்தில் முழங்கால் போட்டிருப்பேன். "நீங்க உங்க வேலையைப் பாருங்கம்மா, நான் என் வேலையைப் பார்க்கிறேன்" என்று சிரிப்பார்.

வைகாசி மாதம் ஒரு காலை. இட்லியைப் பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தேன். என் கணவர் என் கட்டுப்போட்ட கையையே பார்த்தார்கள்.

"கையில என்னட்டி?"

அந்தப் பார்வை என் பழைய மனிதருடைய பார்வை. கீழே விழுந்தேன் என்று சொல்லிவிடலாமா என்று டாக்டரைப் பார்த்தேன். அவர் தலையசைக்கவில்லை. மெதுவாக எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு என் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார்கள். பிறகு டாக்டரிடம் கேட்டார்கள்: "முத்தையா இருக்கானா சார்?"

ஊர் வந்ததும் என் கணவர் வீட்டுக்குள் போகவில்லை. நேரே முத்தையா வீட்டு வாசலில் போய் நின்றார்கள். முத்தையா தலையில் தையல் தழும்போடு வெளியே வந்தார். அவருடைய மகன்கள் பின்னால் விறைத்து நின்றார்கள். என் கணவர் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

"உள்ள வாங்க அண்ணாச்சி" என்றார் முத்தையா. "உங்க புண்ணியத்துல நான் பீடிய விட்டுட்டேன்."

முதலில் சிரித்தது என் மகன். பிறகு எல்லோரும் சிரித்தோம். அழுகையும்தான்.

இது நடந்து சில வருடங்கள் ஆகின்றன. என் கணவர் இதோ ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். அன்று முதல் எங்கள் இருவருக்கும் ஒரு வேலை வந்தது. எந்த ஊரில் வயதானவர்களைக் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டாலும் போய்விடுவோம். மல்லாங்கிணற்றில் ஒரு தாயார் மாட்டுக்கொட்டகையில் சங்கிலியோடு இருந்தார்கள். மதுரைக்குக் கொண்டுபோனோம். அவர்களுக்கு மறதி நோய், நினைவு திரும்பி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் ஜெபித்தேன், வரவில்லைதான். ஆனாலும் சங்கிலி இல்லாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அந்த வீட்டு மருமகளுக்கு டாக்டர் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். அந்தத் தாயார் கடைசி வரை வீட்டுக்குள் பாயில் படுத்தார்கள். அதையும் நான் பதில் என்றே எண்ணுகிறேன்.

உங்களில் யாருடைய வீட்டிலாவது ஒரு பெரியவர் கயிற்றில் இருந்தால், வெட்கப்பட்டுக் கதவைச் சாத்தாதீர்கள். ஆண்டவரிடம் கேளுங்கள், அவர் ஆளைக் காட்டுவார். ஜெபித்து முடித்ததும் எழுந்து மதுரைக்குப் பஸ் ஏறுங்கள். துணைக்கு ஆள் இல்லையென்றால் சொல்லி அனுப்புங்கள், நாங்கள் இருவரும் வருகிறோம்.