ஆடி மாதத்து நண்டு ரசம்

அலுமினியக் குண்டானின் உட்புறத்தை நண்டுகள் பிறாண்டும் சத்தம், காய்ந்த ஓலையை யாரோ சிமெண்டுத் தரையில் இழுத்துக்கொண்டு போவதைப் போல இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா மொபெட்டில் சூளகிரிப் பக்கத்து ஏரிக்குப் போய், கரையோர வளைகளில் கைவிட்டுப் பிடித்து வந்த நண்டுகளை அந்தக் குண்டானில் கொட்டித் தட்டால் மூடி, தட்டின் மேல் ஒரு செங்கல்லையும் வைத்துவிடுவார். அம்மா மிளகும் சீரகமும் பூண்டும் எடுத்துவைத்து முடிக்கிற வரை அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டேயிருக்கும். அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து நான் வீட்டுப்பாடம் எழுதியிருக்கிறேன். மழைச் சத்தத்தைப் போல அதுவும் ஒரு சத்தம், அவ்வளவுதான். உள்ளே இருப்பவை வெளியே வரப் பார்க்கின்றன என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

ஓசூரில் அப்போது நாங்கள் குடியிருந்தது ஒரு "லைன் வீட்டில்". ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள், எல்லாருக்கும் பொதுவாக ஒரு குழாய், ஒரு துவைக்கிற கல். அப்பா ஒரு வார்ப்புப் பட்டறையில் இரும்பு வார்ப்புகளின் பிசிறுகளைத் தேய்த்து எடுக்கும் வேலையில் இருந்தார். அந்தத் தூள் நெஞ்சில் இறங்கியிருந்ததால், ஆடிக் காற்றும் சாரலும் தொடங்கிவிட்டால் விடாமல் இருமுவார். அதற்கு எங்கள் வீட்டு மருந்து நண்டு ரசம். அம்மா துவைக்கிற கல்லருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு நண்டாக எடுத்து, முதலில் கொடுக்குகளை முறிப்பாள், பிறகு கால்களைத் திருகி எடுப்பாள், கடைசியில் ஓட்டைப் பிளப்பாள். அதுவரை அது உயிரோடுதான் இருக்கும். கால்களை உரலில் இடித்துச் சாறு எடுத்து அவள் கூட்டி வைக்கிற ரசத்தின் வாசனைக்குத் தெருமுனையில் விளையாடிக்கொண்டிருக்கும் நான் தானாக வீடு திரும்பிவிடுவேன். ஒருமுறை, அதற்கு வலிக்காதா என்று கேட்டதற்கு, "ரத்தமே இல்லாத ஜீவனுக்கு நோவு எங்கேருந்து வரும்" என்றாள். அவள் பிறந்த ஊரில் எல்லாரும் சொல்வது அதைத்தான். எனக்கும் அது போதுமானதாக இருந்தது.

எங்கள் பக்கத்து வீட்டுக்குச் சுமங்களா குடிவந்தாள். கனகபுரா பக்கத்துக் கன்னடக் குடும்பம். அவள் வீட்டுக்காரர் ஒரு கம்பெனி பஸ் ஓட்டினார். முட்டைகூட வாசல் தாண்டி உள்ளே வராத வீடு அவர்களுடையது. நாங்கள் மீன் வறுக்கும் நாட்களில் சன்னலை மெதுவாகச் சாத்திக்கொள்வாளே தவிர, ஒரு சொல் சொன்னதில்லை. அம்மாவை "அக்கா" என்பாள். நான் அவளைச் சின்னம்மா என்ற பொருளில் "சிக்கம்மா" என்று கூப்பிடப் பழகியிருந்தேன். அவளுடைய மகன் கிரணுக்கு அப்போதுதான் நடை பழகியிருந்தது. குளிர் கூடினால் போதும், அவனுக்கு இளைப்பு வந்துவிடும். மருந்து கொடுத்தும் ஆவி பிடித்தும் அடங்காமல், அவன் விலா எலும்புகள் உள்ளே போய் வருவது சட்டைக்கு மேலேயே தெரியும்.

அப்படியொரு ஆடி ஞாயிற்றுக்கிழமை, அம்மா நண்டைக் கையில் எடுத்திருந்த நேரத்தில், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சுமங்களா வந்து நின்றாள்.

"அக்கா, அண்ணனுக்கு வைக்கிற அந்த ரசம், மகுவுக்குக் கொஞ்சம் குடுக்கலாமா?" என்றாள். மகு என்றால் குழந்தை.

"உங்களுக்கு ஆகாதே சுமங்களா."

"எனக்கு ஆகாது. இவன் மூச்சு விடணும் இல்லியா."

அம்மா சற்று யோசித்துவிட்டு, "வச்சுக் கொண்டாந்து தரேன், நீ உள்ள போ. இதையெல்லாம் உன்னால பாக்க முடியாது" என்றாள்.

"இவன் வாயில ஊத்தப்போறது நான்தானே. பாக்காம எப்படி ஊத்தறது?" என்று சொல்லிவிட்டு அவள் அங்கேயே நின்றாள்.

அம்மா வழக்கம்போலத்தான் செய்தாள். கொடுக்கை முறித்துக் கல்லின் மேல் போட்டாள். போட்ட பிறகும் அது திறந்து மூடிக்கொண்டிருந்தது. நண்டு மிச்சமிருந்த கால்களால் அம்மாவின் விரலைச் சுற்றிப் பிடித்துக்கொண்டது. எத்தனையோ தடவை நான் பார்த்ததுதான். ஆனால் பக்கத்தில் ஒருத்தி முதன்முதலாகப் பார்த்துக்கொண்டு நின்றதால், நானும் அன்று முதன்முதலாகப் பார்ப்பதுபோல இருந்தது.

"நோவாகல்வா அக்கா?" என்று மெல்லக் கேட்டாள் சுமங்களா. வலிக்காதா என்று கேட்கிறாள். நோவு என்கிற சொல் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

"இதுக்கு ரத்தமே..." என்று தொடங்கியபடி அம்மா நண்டை மல்லாத்தி, அடிவயிற்று மடிப்பை விரலால் நீக்கினாள். உள்ளேயிருந்து கடுகைவிடச் சற்றே பெரிய குஞ்சு நண்டுகள் கல்லின் மேல் பொலபொலவென்று உதிர்ந்தன. காலும் கொடுக்குமாக முழு உருவம் பெற்றவை. ஈரக் கல்லில் நாலாபக்கமும் ஓடின. கிரண் இளைப்புக்கு நடுவே சிரித்து, அவற்றைப் பிடிக்கக் கையை நீட்டினான். அம்மா தொடங்கிய வாக்கியத்தை முடிக்கவில்லை. அதன்பிறகு எந்த நாளிலும் அதை அவள் சொல்லி நான் கேட்டதில்லை.

ஒரு குவளையில் தண்ணீர் பிடித்து, விரல் நுனியில் ஒற்றி ஒற்றிக் குஞ்சுகளை அதில் விட்டாள். ஏரியில் கொண்டுபோய் விடச் சொல்லி அப்பாவிடம் கொடுத்தபோது, தாயில்லாமல் அவை பிழைக்குமா என்று தெரியவில்லை என்றபடியே அவர் வாங்கிக்கொண்டு போனார். தாய் நண்டுக்கு ஏற்கெனவே கொடுக்குகள் இல்லை. "இப்பிடியே விட்டா அது இன்னும் பாவம்" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டு அம்மா அதையும் உடைத்தாள். ரசம் கொதித்தது. சுமங்களா தன் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் கரண்டி கரண்டியாக மகனுக்கு ஊட்டினாள்; அவன் குடித்துவிட்டு வியர்த்து, அவள் தோளில் தூங்கிப்போனான். நானும் குடித்தேன். இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கியும் குடித்தேன். இன்று நினைத்தால் உடம்பு கூசுவது அதற்குத்தான்.

அந்த வாரத்தில் ஒருநாள் அம்மா அப்பாவிடம், "நோகாம சாவடிக்க வழி ஏதாச்சும் இருக்குதான்னு யாரயாச்சும் கேளேன்" என்றாள். பட்டறையில் ராமநாதபுரத்துக் கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் இருந்தார். அப்பா அவரிடம் கேட்டுவந்து சொன்னார். நண்டை மல்லாத்தி, மடிப்பைத் தூக்கி, அதன் அடியில் கூரான கம்பியால் அழுத்தி ஒரு குத்து, கண்களுக்கு நடுவில் இன்னொன்று. அடுத்த ஞாயிறு அம்மா அப்படியே செய்தாள். நண்டின் கால்கள் ஒருசேரத் தளர்ந்து தொங்கின. அவள் கையில் கம்பியோடு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்ளோதானா" என்றாள். பிறகு, "இத்தன வருசமா ஒருத்தரக் கேக்கணும்னு எனக்குத் தோணலியே" என்றாள்.

அப்போது அவள் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை. கொன்று தின்பதைக்கூட அவள் தனக்குள் ஒருவாறு ஒப்புக்கொண்டிருந்தாள். இவ்வளவு சின்ன ஒரு இரக்கத்தைச் செய்யாமலே இருந்துவிட்டோம் என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அந்தப் பருவத்தில் சுமங்களா இன்னும் சில முறை ரசம் கேட்டு வந்தாள். ஒவ்வொரு முறையும் நின்று பார்த்துவிட்டே வாங்கிப்போனாள். கிரணுக்கு வளர வளர இளைப்பு தானாக நின்றுவிட்டது. ரசத்தால்தான் நின்றதா என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

போன தை மாதம் கிரண் வீடு கட்டிப் புதுமனை புகுந்தான். ஓசூரிலேயே ஒரு கம்பெனியில் இன்ஜினியராக இருக்கிறான். அப்பா காலமாகிச் சில வருடங்கள் ஆகிவிட்டதால் நானும் அம்மாவும்தான் போனோம். பந்தியில் எங்கள் எதிரே வந்து நின்று, பேச்சுவாக்கில் என்னிடம், "ஒரு உயிரை நோக வச்சு சாப்பிட எப்படித்தான் மனசு வருதோக்கா, எங்க வீட்டுக்கு அது ஒத்தே வராது" என்றான். எங்களைக் குத்திச் சொல்லவில்லை. நாங்கள் என்ன சாப்பிடுகிறவர்கள் என்பதையே அவன் மறந்திருந்தான். நான் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். பாயசம் ஊற்றிக்கொண்டிருந்த சுமங்களா வாளியைக் கீழே வைத்தாள்.

"நீ குடிச்சிருக்கே கிரண். நண்டு ரசம். இந்த அக்கா வச்சுக் குடுத்தாங்க, நான் ஊட்டினேன். உங்கப்பாகிட்டகூட சொன்னதில்ல" என்றாள், அம்மாவைக் காட்டி.

அவன் அம்மாவின் அருகே குனிந்து, பெரியம்மாவைக் கூப்பிடும் கன்னடச் சொல்லால், "எனக்காகத்தானே தொட்டம்மா செஞ்சீங்க" என்றான். மன்னித்துவிடுகிற குரல் அது. அதை அப்படியே எடுத்துக்கொண்டு நாங்கள் எழுந்து வந்திருக்கலாம்.

அம்மா தலையசைத்து மறுத்தாள். "உனக்குப் போனது ஒவ்வொரு தடவையும் ஒரு கிண்ணந்தான் கண்ணு. மிச்சத்த நாங்க சாப்பிட்டோம். நல்லா இருந்துச்சுன்னுதான் சாப்பிட்டோம்" என்றாள்.

அந்த லைன் வீட்டை இடித்துக் கடைகள் கட்டிவிட்டார்கள். அப்பா வளைகளில் கைவிட்ட ஏரிக்கரையில் இப்போது தொழிற்பேட்டையின் சுற்றுச்சுவர் நிற்கிறது. எங்களுக்கு இன்று நண்டு எங்கோ தொலைவிலிருக்கும் கடலிலிருந்து, காலெல்லாம் கழித்து, சுத்தம் செய்து, ஐஸ் போட்ட டப்பாவில் வீடு தேடி வருகிறது. என் மகள் நண்டு நடந்து பார்த்ததில்லை. சென்ற வாரமும் ஒரு டப்பா வந்தது. குழம்பு வைத்து மேசையில் வைத்ததும் அம்மா கேட்டாள்: "எப்பிடிக் கொன்னாங்கன்னு கேட்டியா?"

"கேக்கலம்மா" என்றேன்.

அம்மா குழம்பைத் தொடாமல் தன் தட்டில் மோரை ஊற்றிக்கொண்டாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் என் தட்டில் நண்டை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.